நகரத்தில் தனியாக இருந்தால் எழுத்து வருமா? ஒரு கேள்விக்கு நீண்ட பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காகப் பெரிய நகரத்துக்கு வந்து ஓர் அறையில் தனியாக இருக்கிறீர்கள். வீட்டில் இருந்தவரை, எழுத நேரமும் இல்லை, இடமும் இல்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போது இரண்டும் கிடைத்துவிட்டன, ஆனால் மாலையில் வந்து உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நகரமாட்டேன் என்கிறது. கலைஞர்கள் எல்லாம் தனிமையில்தானே படைத்தார்கள், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை, பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

திறமை இருக்கிறதா இல்லையா என்ற கவலையை முதலில் ஒதுக்கி வையுங்கள், நீங்கள் சொன்ன எதுவும் அதைக் காட்டவில்லை. எழுதுவதற்குத் தேவை யாரும் குறுக்கிடாத சில மணி நேரம். உங்களுக்குக் கிடைத்திருப்பது யாருமே இல்லாத முழு வாரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஓர் ஆள், ஒரு மேஜை, சாத்திய கதவு. அந்த ஆளுக்குள் நடப்பது முழுக்க வேறு.

2020-இல் லிவியா டொமோவா என்ற ஆய்வாளரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் மனிதத் தொடர்பே இல்லாமல் வைத்திருந்தார்கள், போனும் கிடையாது. இன்னொரு நாள் அதே ஆட்களை 10 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்துகொண்டே படங்களைக் காட்டினார்கள். பட்டினி கிடந்த நாளில் உணவுப் படத்தைப் பார்த்ததும் நடுமூளையின் எந்தப் பகுதி துடித்ததோ, தனியாக இருந்த நாளில் மனிதர்கள் கூடிப் பழகும் படத்தைப் பார்த்ததும் அதே பகுதி துடித்தது. அதாவது தனிமையை உடம்பு பசியைப் போலத்தான் எடுத்துக்கொள்கிறது. பசி வயிற்றோடு உட்கார்ந்து நாவல் எழுதலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் பசிதான் நாவலை எழுதியது என்று சொல்லக் கூடாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர் ஜான் கசியோப்போ. தனிமையின் வலி ஒரு எச்சரிக்கை மணி, கூட்டத்தை விட்டு விலகிவிட்டாய், திரும்பிப் போ என்று உடம்பு அடிக்கும் மணி என்பது அவருடைய வாதம். மணி அடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. கூட்டத்தை விட்டு விலகிய உயிருக்கு ஆபத்து அதிகம் என்பதால் மூளை காவல் காக்கவும் ஆரம்பித்துவிடுகிறது. தனிமையை நீண்ட நாள் உணர்பவர்கள் மற்றவர்கள் முகத்தில் வெறுப்பு, ஏளனம், அலட்சியம் இருக்கிறதா என்று தங்களை அறியாமலே தேடுகிறார்கள், இல்லாத இடத்திலும் கண்டுபிடிக்கிறார்கள். இரவில் அவர்களுக்குத் தூக்கம் துண்டு துண்டாகக் கலைவதையும் கசியோப்போ குழு அளந்து காட்டியிருக்கிறது.

இதைப் படித்தபோதுதான் எழுதுகிற பலரும் என்னிடம் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. ஒரு பத்தி எழுதுவார்கள், அழிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள், மறுபடி அழிப்பார்கள், பத்து மணிக்கு லேப்டாப்பை மூடிவிடுவார்கள். முதல் வரைவு எழுதும்போது மனம் கொஞ்சம் அசட்டையாக இருந்தாக வேண்டும், மோசமான வாக்கியத்தைப் போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகத் தெரிய வேண்டும். காவலில் நிற்கும் மனத்துக்கு அது வராது. எழுதும் ஒவ்வொரு வரியையும் கேலி செய்யப்போகிற யாரோ ஒருவரின் கண்ணால் அது படித்துப் பார்க்கிறது. அந்த யாரோ ஒருவர் அறையில் இல்லை. உண்மையான வாசகர் ஒருவர் இருந்திருந்தால் அவர் இவ்வளவு கொடுமைக்காரராகவும் இருந்திருக்கமாட்டார்.

சரி, அப்படியென்றால் தனிமையில் இருப்பவர்களுக்குக் கற்பனையே வராதா? வரும், தாராளமாக வரும், சிக்கலே அங்கேதான். இதுவும் 2020-இல் வந்த ஆய்வுதான்: பிரிட்டனில் சேகரித்த சுமார் 40,000 பேரின் மூளை ஸ்கேன்களை நேதன் ஸ்ப்ரெங் குழு அலசியது. நினைவுகளைப் புரட்டுவது, வருங்காலத்தைக் கற்பனை செய்வது, அங்கே இல்லாத மனிதர்களைப் பற்றி யோசிப்பது போன்றவற்றுக்கான மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிய ஒரு வலையமைப்பு இருக்கிறது. தனிமையாக உணர்வதாகச் சொன்னவர்களிடம் அந்த வலையமைப்பு வலுவாக இருந்தது. வெளியே கிடைக்காத துணையை உள்ளே தயாரித்துக்கொள்கிறார்கள் போலும் என்பது அவர்களின் ஊகம். உங்களுக்கும் தெரிந்திருக்கும், மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒரு சண்டைக்கு இன்று பஸ்ஸில் நின்றுகொண்டே அருமையான பதில் சொல்லிக்கொண்டிருப்போம். வசனம், பாத்திரம், திருப்பம் எல்லாம் இருக்கும். ஆனால் அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். எழுதுவதும் இந்தச் சுழற்சியும் ஒரே மூலப்பொருளைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எழுதினால் காகிதத்தில் ஏதாவது மிஞ்சும், சுழன்றால் அன்றைய மாலை தீர்ந்து போகும். சோகமாக இருந்தால்தான் கவிதை வரும் என்று சொல்பவர்களோடு எனக்குள்ள பெரிய சண்டை இதில்தான். சோகத்தில் வருவது பெரும்பாலும் குறிப்புதான், கவிதை அப்புறம், மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு வருகிறது.

போனைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2014-இல் டிமத்தி வில்சன் என்ற உளவியலாளரின் சோதனையில் ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் எதுவும் செய்யாமல் யோசித்துக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் மின்சார அதிர்ச்சி. காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று அவர்களே முன்பு சொன்ன அதே அதிர்ச்சி. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்திப் பார்த்தார்கள். சும்மா இருப்பது மனிதருக்கு அவ்வளவு கடினம். எனவே அறைக்கு வந்தவுடன் கை போனுக்குப் போவதை ஒழுக்கக்கேடாக நினைத்து உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அது இன்னொரு அறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே அறைதான் என்றால் பீரோவின் மேல் தட்டில். மன உறுதியை நம்பி இருப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

இனி நகரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நகரத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பெர்லினில் பிறந்து வளர்ந்த சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1903-இல் பெருநகரமும் மனமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நகரத்தில் ஒரே நாளில் கண்ணிலும் காதிலும் விழுபவை அத்தனைக்கும் மனிதன் எதிர்வினை காட்டினால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் ஒருவித மரத்துப்போன தன்மையையும் ஒதுக்கத்தையும் போர்த்திக்கொள்கிறான் என்றார். பல வருடம் பக்கத்து வீட்டில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாமல் போவது அதனால்தான். அவர் இதை வெறும் குறையாகச் சொல்லவில்லை. சின்ன ஊர் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடித்து வைத்திருக்கும். நகரத்தின் அலட்சியம் அந்தப் பிடியை விட்டுவிடுகிறது. பெருங்கூட்டத்துக்கு நடுவே ஒருவர் உணரும் தனிமை அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம்தான் என்பதையும் சேர்த்தே எழுதினார். நீங்கள் கதை எழுதுவது உங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அதை வைத்து யாரும் உங்களைக் கிண்டல் செய்யவில்லை, எப்போது சினிமாவுக்குப் போகப்போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, மோசமாக மூன்று வருடம் எழுதிவிட்டு நான்காம் வருடம் ஒழுங்காக எழுதலாம். இந்த வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளரின் மாணவர்கள் 1970-களின் தொடக்கத்தில் ஒரு ரயில் நிலையத்தில் காலையில் காத்திருப்பவர்களைப் படம் எடுத்து, பிறகு அதே ஆட்களிடம் அந்தப் படத்தைக் கொடுத்து இதில் யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டார்கள். ஒருமுறைகூடப் பேசாத, ஆனால் முகம் நன்றாகத் தெரிந்த ஆட்கள் சராசரியாக 4 பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி மனத்துக்குள் கதை கட்டி வைத்திருப்பதாகச் சிலர் சொன்னார்களாம், இவர் என்ன வேலை பார்ப்பார், அந்தப் பெண் ஏன் எப்போதும் அவசரமாக வருகிறார் என்றெல்லாம். பரிச்சயமான அந்நியர்கள் என்று மில்கிராம் இவர்களை அழைத்தார். உங்களுக்கும் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு நீங்கள் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் முன்னால் எந்த வேடமும் போட வேண்டியதில்லை, ஆனாலும் மனிதர்களுக்கு நடுவில்தான் இருக்கிறீர்கள். எழுதுகிறவருக்கு இந்த அரைத் துணை தங்கம். கிராமத்தில் இது கிடைக்காது, நான்கு சுவருக்குள்ளும் கிடைக்காது.

எட்வர்ட் ஹாப்பரை நகரத் தனிமையின் ஓவியர் என்பார்கள். 1942-இல் அவர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், நள்ளிரவில் திறந்திருக்கும் ஒரு சிற்றுணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பேர் இருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதுபோலத் தெரியாது, தெருவிலிருந்து உள்ளே போக ஒரு கதவும் படத்தில் இல்லை. தன்னையறியாமல் ஒரு பெருநகரத்தின் தனிமையை வரைந்துகொண்டிருந்தேன் போலும் என்று அவரே பின்னாளில் சொன்னார். இதை வைத்து அவர் யாருமற்று ஓர் அறையில் கிடந்தவர் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் 1913 முதல் 1967-இல் இறக்கும்வரை நியூயார்க்கில் ஒரே முகவரியில் வாழ்ந்தவர், 1924-இலிருந்து மனைவி ஜோசஃபினோடு. அந்த உணவக ஓவியத்தில் இருக்கும் பெண்ணுக்கு மாதிரியாக நின்றது ஜோசஃபின்தான், ஹாப்பரின் ஓவியங்களின் விவரங்களைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்ததும் அவர்தான். இரவு நேர அலுவலகம் ஒன்றை வரைந்தாரே, அதற்கான பொறி உயர்மட்ட ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே தெரிந்த அலுவலகங்களிலிருந்து வந்திருக்கலாம் என்று ஹாப்பர் எழுதியிருக்கிறார். நகரத்தில் ரயிலேறிச் சுற்றினார், பார்த்தார், திரும்பி வந்தால் வீட்டில் ஒருவர் இருந்தார். ஜோசஃபினும் ஓவியர் என்பதையும் சொல்ல வேண்டும், இருவருக்கும் கடும் சண்டைகள் நடந்தன, ஜோசஃபினின் சொந்த ஓவியங்களை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தனிமையின் மேதை என்று ஒருவரைக் கொண்டாடும்போது அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஹாப்பரை விடுங்கள், அவர் மணமானவர், நிஜமாகவே தனியாக இருந்தவர்கள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஹென்றி டார்கர் சிகாகோவில் மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர், சுமார் 40 வருடம் ஒரே அறையில் வாழ்ந்தார். 1973-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன், அறையைக் காலி செய்யப்போனபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது: 15,000 பக்கத்துக்கும் மேல் ஒரு கதை, அதற்கான நூற்றுக்கணக்கான ஓவியங்கள், சில பல அடி நீளம். யாருக்கும் காட்டாமல் செய்தார். கேட்கும்போது சிலிர்க்கிறது, ஆனால் கதையின் இன்னொரு பாதியையும் பாருங்கள். வீட்டு உரிமையாளர் நேதன் லெர்னர் தற்செயலாக ஒரு புகைப்படக் கலைஞர், வடிவமைப்பாளர். பார்த்தவுடன் அவருக்கு மதிப்பு தெரிந்தது. வேறொருவர் அந்த வீட்டை வைத்திருந்தால் மொத்தமும் குப்பை வண்டியில் போயிருக்கும். அப்படிக் குப்பை வண்டியில் போன அறைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. தப்பித்து வந்த ஒரு டார்கரை வைத்துத் தனிமையே படைக்கும் என்று முடிவு கட்டுவது, லாட்டரி அடித்தவரைப் பார்த்து லாட்டரியைத் தொழிலாகப் பரிந்துரைப்பதற்கு ஒப்பு.

விவியன் மையர் கதையும் ஏறத்தாழ இதே வகைதான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர், பெரும்பாலும் சிகாகோவில். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார், பல ஃபிலிம் சுருள்களைக் கழுவிப் பார்க்கவே இல்லை. வாடகை கட்டாததால் அவருடைய சேமிப்பு அறைப் பொருட்கள் 2007-இல் ஏலத்துக்கு வந்தன, அப்படித்தான் வெளியே தெரிந்தார், புகழ் வருவதற்குள் 2009-இல் இறந்துவிட்டார். என்னை நிறுத்தியது வேறொன்று. அவர் எடுத்த படங்களில் நிறைந்திருப்பது மனிதர்கள்: தெருவில் போகிறவர்கள், அழும் குழந்தைகள், பஸ்ஸுக்காக நிற்பவர்கள், கடைக் கண்ணாடியில் தெரியும் அவருடைய பிம்பமும். தான் வளர்த்த பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே நகரம் முழுக்க நடந்து எடுத்திருக்கிறார். அதே பிள்ளைகள் சிலர் வளர்ந்த பின் அவருடைய கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். தனியர்தான், சந்தேகமில்லை, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த படங்கள் இல்லை அவை.

லிஸ்பனில் ஃபெர்னாண்டோ பெசோவா என்ற போர்த்துகீசியக் கவிஞர் இருந்தார். வணிக நிறுவனங்களுக்குக் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைத்தவர், 1935-இல் இறந்தபோது ஒரு பெட்டி நிறைய, 25,000 தாள்களுக்கு மேல், விட்டுப்போனார். அவர் என்ன செய்தார் தெரியுமா, தனக்குத் தானே கவிஞர்களைப் படைத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறப்பு, தொழில், நடை எல்லாம் தனித்தனி, ஒருவர் கவிதையை இன்னொருவர் விமர்சிப்பார். ஆள் இல்லையென்றால் ஆளை உண்டாக்கிக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு ஆள் தேவைப்பட்டது! அது போதாமல், 1915-இல் நிஜமான நண்பர்களோடு சேர்ந்து ஒரு பத்திரிகையும் நடத்தினார், இரண்டு இதழ்தான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா. ஆழமான நிலவறையின் கடைசி அறையில் ஒரு விளக்கோடு பூட்டிக்கொண்டு எழுத வேண்டும், சாப்பாட்டை வெகு தூரத்தில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று காதலிக்குக் கடிதம் எழுதியவர் அவர். தனிமையைப் புகழ்பவர்கள் எல்லோரும் இந்தக் கடிதத்தைச் சொல்வார்கள். அவருடைய நிஜ வாழ்க்கை எப்படி இருந்தது? பிராகில் பெற்றோரும் தங்கைகளும் நடமாடும் சத்தமான வீடு, பகலில் காப்பீட்டு நிறுவன வேலை, அது மதியம் 2 மணிக்கு முடிந்துவிடும் (நம்மில் யாருக்கு 2 மணிக்கு முடிகிறது!), எழுத்து இரவில். 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்து காலை 6 மணிவரை ஒரே மூச்சில் ஒரு கதையை எழுதி முடித்தார். முடித்ததும் என்ன செய்தார்? நடுங்கிக்கொண்டே தங்கைகளின் அறைக்குள் போய் அவர்களுக்கு அதை வாசித்துக் காட்டினார், நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். மாக்ஸ் ப்ராட் போன்ற நண்பர்களிடமும் எழுதியதைச் சத்தமாக வாசிப்பார், வாசிக்கும்போது அவரே சிரித்துவிடுவாராம். நிலவறை அவருடைய ஆசை. வேலை நடந்தது எட்டு மணி நேர இரவும், கதவைத் தட்டினால் கேட்க ஆளும் இருந்த வீட்டில்.

உங்கள் நிலைமையில் குறைவது அந்த இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அறை இருக்கிறது, இரவு இருக்கிறது, முடித்தவுடன் கொண்டுபோய்க் காட்ட ஒருவர் இல்லை. எழுதும்போது யாரும் வேண்டாம், எழுதி முடித்ததும் ஒருவராவது வேண்டும். ஒரே ஒருவர் போதும். அவர் இலக்கிய மேதையாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் வசிக்க வேண்டியதுமில்லை, ஆனால் நீங்கள் அனுப்புவதை எதிர்பார்க்கிறவராக இருக்க வேண்டும். முன்பு சொன்ன அந்தக் கேலிக்காரக் காவல்காரனைத் துரத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவன் இடத்தில் முகம் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பது. சமூக வலைத்தளத்தில் போடுவது இதற்கு மாற்றாகாது. அங்கே கிடைப்பது எண்ணிக்கை, எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது மறுபடி காவல் வேலைதான்.

ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் ஜூலி பவ்கர் குழு இளைஞர்களிடம் செய்த ஆய்வில் விலகி இருப்பவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: பயத்தால் விலகுபவர்கள், மனிதர்களைப் பிடிக்காமல் விலகுபவர்கள், தனியாக இருப்பது பிடித்திருப்பதால் விலகுபவர்கள். படைப்பாற்றலோடு நல்ல தொடர்பு தெரிந்தது மூன்றாவது வகைக்கு மட்டும். 2013-இல் ஷாரன் கிம் குழு, ஒதுக்கப்பட்ட அனுபவம் படைப்பாற்றலைத் தூண்டுமா என்று பார்த்தது. நான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவன் என்பதில் ஏற்கெனவே பெருமை இருந்தவர்களுக்குத் தூண்டியது, கூட்டத்தில் சேர ஏங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே உங்களையே கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு அழைப்பு ரத்தானால் அப்பாடா என்று இருக்கிறதா, வயிற்றில் ஏதோ இறங்குகிறதா? முதலாவது என்றால் உங்களுக்கு வேண்டியது நேர ஒழுங்கு மட்டும்தான். இரண்டாவது என்றால் முதலில் ஆட்களைத் தேடுங்கள், எழுத்து இரண்டு மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

நடைமுறைக்கு வருவோம். மாலையை எழுத்துக்கு ஒதுக்கியதுதான் உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி. நாள் முழுக்க அலுவலகத்தில் உழைத்து, கூட்டத்தில் நசுங்கி வந்து சேரும் மனத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியது பேச்சும் துணையும். அதனிடம் போய்த் தனியாக உட்கார் என்றால் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். முடிந்தால் காலையில், யாரோடும் பேசத் தொடங்குவதற்கு முன், ஒரு மணி நேரம் எழுதுங்கள். அப்போது தனியாக இருப்பது இயல்பாக இருக்கும், ஊரே தூங்குகிறது, எதையும் தவறவிடுகிறோம் என்ற எண்ணம் வராது. மாலையை மனிதர்களுக்குக் கொடுங்கள். காலை முடியாது, ஷிப்ட் வேலை என்றால் வார விடுமுறையில் ஒரு பாதி நாளை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களில் குறிப்பு மட்டும் போதும்.

இடத்தை மாற்றிப் பாருங்கள். நூலகம், பூங்கா, கூட்டம் குறைவான ஒரு காப்பிக் கடை, எதுவானாலும் அந்த அரைத் துணை கிடைக்கும் இடம். தினமும் அதே இடம், அதே நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, பரிச்சயமான அந்நியர்கள் உருவாக அதுதான் வழி. அப்புறம் நடங்கள். ஸ்டான்ஃபோர்டில் 2014-இல் வந்த ஆய்வு ஒன்றில், உட்கார்ந்து யோசித்தவர்களைவிட நடந்துகொண்டே யோசித்தவர்களிடம் புதுமையான யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தன, உள்ளே டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் டிரெட்மில்லில் யாரையும் பார்க்க முடியாது, தெருவில் பார்க்கலாம், அதனால் என் ஓட்டு தெருவுக்கு.

எழுத்தாளர் குழுக்களில் சேரலாமா என்றால், சேரலாம், ஆனால் உட்கார்ந்து எழுதும் வேலையைக் குழு செய்யும் என்று நம்ப வேண்டாம். 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்துவிட்டார்கள்: நால்வர் சேர்ந்து உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டுவதைவிட, தனித்தனியாக யோசித்த வேறு நால்வரின் யோசனைகளைப் பிறகு சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. குழு எதற்கு நல்லதென்றால், செய்ததைக் காட்ட ஒரு தேதி தரும். கலையைப் பற்றிப் பேசிப் பேசியே மாலைகளைத் தின்றுவிடும் குழுக்களும் நிறைய உண்டு, இரண்டு மூன்று கூட்டத்துக்குள் தெரிந்துவிடும். யாரும் எதையும் வாசித்துக் காட்டவில்லை என்றால் மெதுவாகக் கழன்றுகொள்ளுங்கள்.

அந்நியர்களோடு ஒரு வார்த்தை பேசிப் பழகுவதும் நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம். சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களிடம் நிகோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பயணம் மோசமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் கணித்தார்கள். உண்மையில் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. எல்லா நகரத்திலும் எல்லா நேரத்திலும் இது பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன், குறிப்பாகப் பெண்களுக்கு, உங்கள் கணிப்பை நம்புங்கள். கடைக்காரர், காவலாளி, நூலகர் இவர்களோடு தொடங்கினால் அந்தக் கவலை குறைவு.

இன்னொன்று: தூக்கம் வாரக்கணக்கில் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், காலையில் எழுந்திருப்பதே பாரமாக இருந்தால் அது எழுத்துப் பிரச்சினை இல்லை, ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையை எழுதித் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஊருக்குத் திரும்புவது பற்றி. பெற்றோருக்காகவோ, செலவு கட்டுப்படியாகாததாலோ போவதென்றால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிட முடியாது. எழுத்துக்காக மட்டும் என்றால் இப்போது வேண்டாம். அங்கே போனால் முதல் மாதம் தனிமை தீரும், இரண்டாவது மாதம் நேரமும் இடமும் இல்லை என்ற பழைய குறை திரும்ப வரும். இங்கே உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும் கேள்வி கேட்காத தெருவை அங்கே எடுத்துக்கொண்டு போக முடியாது. வாசகரை மட்டும் எங்கிருந்து வேண்டுமானாலும் தேடலாம், ஊரில் இருக்கும் பழைய நண்பரே அந்த வாசகராகலாம்.

முழுக் கதை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இருப்பதில் ஒரு பக்கத்தை, அரைகுறையாக இருந்தாலும், அவருக்கு அனுப்புங்கள், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், நண்பர்கள் ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். எந்த வரியில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது என்று கேளுங்கள், அடுத்த நாள் காலையில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வி உங்களுக்கு இருக்காது.